தருமபுரி மாவட்டமும் பதினைந்தாம் சட்டமன்றத்தின் கட்சி அமைப்பும்

ஒரு சட்டமன்றத்தின் கட்சி அமைப்பை எழுதப் புகுவோர் பெரும்பாலும் தேர்தல் முடிவு வெளிவந்த நாளின் எண்ணிக்கையையே எடுத்தாள்வர். அவ்வெண்ணிக்கை மன்றத்தின் தொடக்கத்தைக் காட்டுமேயன்றி அதன் ஐந்தாண்டு வாழ்வைக் காட்டாது. 2016 முதல் 2021 வரை நிலவிய தமிழ்நாட்டின் பதினைந்தாம் சட்டமன்றம் இதற்குத் தக்க சான்றாகும். அதனைத் தருமபுரி மாவட்டத்தின் வழி நின்று ஆராய்வோம்.

2016 மே 16ஆம் நாள் தேர்தல் நடைபெற்ற 232 தொகுதிகளில் அ.இ.அ.தி.மு.க. 134, தி.மு.க. 89, காங்கிரசு 8, முசுலிம் லீக் 1 என வெற்றி பெற்றன. தருமபுரி மாவட்டத்தின் ஐந்து தொகுதிகளுள் பாலக்கோடு, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் ஆகியவை ஆளுங்கட்சிக்கும், தருமபுரி, பென்னாகரம் ஆகியவை தி.மு.க.வுக்கும் உரியவாயின.

2016 டிசம்பர் 5ஆம் நாள் முதலமைச்சர் செயலலிதா மறைந்தார். ஆளுங்கட்சி பிளவுற்றது. 2017 பிப்ரவரி 18ஆம் நாள் எடப்பாடி பழனிசாமியின் அமைச்சரவை 122 வாக்குகளால் மன்றத்தின் நம்பிக்கையைப் பெற்றது. எனினும், அவ்வாண்டு ஆகத்துத் திங்களில் அக்கட்சி உறுப்பினர் சிலர் ஆளுநரைக் கண்டு, முதலமைச்சருக்கு அளித்த ஆதரவை விலக்கிக்கொள்வதாகக் கடிதம் தந்தனர். செப்டம்பர் 18ஆம் நாள் பேரவைத் தலைவர் தனபால், அரசியலமைப்பின் பத்தாம் அட்டவணையின்படி பதினெண்மரைத் தகுதி நீக்கினார். பாப்பிரெட்டிப்பட்டி உறுப்பினர் பழனியப்பனும், அரூர் உறுப்பினர் முருகனும் அவருள் அடங்குவர்.

வெற்றிடம் தோன்றிய ஆறு திங்களுக்குள் இடைத்தேர்தல் நடத்துதல் வேண்டும் என்பது பொதுவிதி. ஆயினும் வழக்கு நிலுவையில் இருந்தமையால் தேர்தல் அறிவிப்பை உயர்நீதிமன்றம் தடுத்துவைத்தது. 2018 சூன் 14இல் இரு நீதிபதிகளும் வேறுபட்ட தீர்ப்புகளை வழங்கினர். அக்டோபர் 25இல் மூன்றாம் நீதிபதி தகுதி நீக்கம் செல்லும் எனத் தீர்த்தார். 2019 ஏப்ரல் 18இல் வாக்குப்பதிவும், மே 23இல் எண்ணிக்கையும் நிகழ்ந்தன. ஆக, ஓராண்டு எட்டுத் திங்கள், அஃதாவது மன்றத்தின் ஆயுளில் மூன்றில் ஒரு பங்கு, மாவட்டத்தின் ஐந்து தொகுதிகளுள் இரண்டு மன்றத்தில் குரலின்றி நின்றன. அவற்றுள் அரூர் தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்ட தொகுதி என்பதும் கருதத்தக்கது.

இவ்வெற்றிடங்கள் பெரும்பான்மையின் அளவையே மாற்றின. இடைத்தேர்தலுக்கு முன்னர் 22 இடங்கள் வெறுமையாக இருந்தன. நிரம்பிய 212 இடங்களில் ஆளுங்கட்சியின் 114 என்பது பாதிக்கு மேற்பட்டதே. 234 இடங்களும் நிரம்பின் 118 தேவை. எனவே இன்னும் நான்கேனும் வேண்டும். அந்நான்கில் சரிபாதியைப் பாப்பிரெட்டிப்பட்டியும் அரூரும் தந்தன. 22 இடங்களில் தி.மு.க. 13ஐ வென்றது, ஆளுங்கட்சி இவ்விரண்டு உட்பட 9ஐ வென்று 123ஐ எய்தியது. அதே நாள் வாக்களித்த தருமபுரி மக்களவைத் தொகுதியோ தி.மு.க.வைத் தேர்ந்தது; இவ்விரு சட்டமன்றத் தொகுதிகளும் அதனுள் அடங்கியவையே என்பது நோக்கற்பாலது.

கட்சித் தாவலைத் தடுத்து வாக்காளரின் தீர்ப்பைக் காத்தற்கென்றே பத்தாம் அட்டவணை 1985இல் இயற்றப்பட்டது. உறுப்பினரின் தகுதி பற்றிய வழக்கு நீண்டபோது அதன் சுமையைத் தாங்கியோர் அவ்வாக்காளரே. ஆதலின், சட்டமன்ற வரலாறு எழுதுவோர் கட்சிகள் பெற்ற இடங்களோடு, வெறுமையாய் நின்ற இடங்களையும் அவற்றின் கால அளவையும் சேர்த்தெண்ணுதல் இன்றியமையாததாகும்.