நினைவு அட்டையின் வரலாறு

கோலார் தங்கவயலில், நந்திதுர்க் சுரங்கத்தை அடுத்த லயன் வீடுகளில் நம் உறவினர் சிலர் வாழ்கின்றனர். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. அதன்பின் அவ்வூரார் பலர் விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூர் சென்று உழைத்து, இரவில் திரும்பலாயினர். அந்நாளில் அவர்களுக்கு வழித்துணை கைப்பேசியும், அதனுட் செருகிய நகமளவு அட்டையுமே. சிறு தொகை கொடுத்தால் கடைக்காரர் அதில் நூறு பாட்டு ஏற்றித் தருவார். அவை பெரும்பாலும் தமிழ்ப் பாட்டுகளே என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

இவ்வட்டையின் வேர் 1967-இல் உள்ளது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டாவோன் காங், சைமன் ஸீ என்னும் இருவர், மின்கடத்தாப் படலத்தால் சூழப்பட்ட நுண்ணிய அறையொன்றில் எலெக்ட்ரான்களைச் சிறைவைக்கும் முறையைக் கண்டனர். மின்சாரம் நின்ற பின்னும் அவை அங்கேயே தங்கும். ஜப்பானின் தோஷிபா நிறுவனத்துப் பொறியியலார் புஜியோ மசுவோகா இதனை வளர்த்து, 1984-இல் உலகறிய அறிவித்தார். பதிந்தவற்றை ஒருங்கே அழிக்கும் வேகம் புகைப்படக் கருவியின் மின்னலை நினைவூட்டியதால், உடன் பணிபுரிந்தவர் ஒருவர் அதற்கு 'ஃபிளாஷ்' எனப் பெயரிட்டார்.

1988-இல் தோன்றிய சான்டிஸ்க் நிறுவனத்தை நிறுவிய மூவருள் ஒருவர் கான்பூரில் பிறந்த சஞ்சய் மெஹ்ரோத்ரா. அந்நிறுவனம் 1994-இல் 'காம்பாக்ட் ஃபிளாஷ்' அட்டையை வெளியிட்டது. 1999-இல் அதுவும் தோஷிபாவும் மட்சுஷிடாவும் சேர்ந்து எஸ்.டி. அட்டையை அறிவித்தன. முதலில் விற்பனைக்கு வந்தவை 32, 64 மெகாபைட் கொண்டவை. பத்துப் பதினைந்து பாட்டுக்கே இடம் போதும். 2005-இல் நிலைபெற்ற மைக்ரோ எஸ்.டி. அட்டையோ 15 மில்லிமீட்டர் நீளமும் 11 மில்லிமீட்டர் அகலமுமே உடையது. 2019-இல் அவ்வளவு சிறிய அட்டையிலேயே ஒரு டெராபைட் அடங்கலாயிற்று.

அட்டையின் பின்புறம் பளபளக்கும் தொடுமுனைகளுக்குப் பொன்முலாம் பூசுவர். பொன் துருவேறாது அன்றோ? தங்கவயலில் வெட்டிய பொன்தான் அது என்று சொல்ல நாம் துணியோம். ஆயினும் அவ்வட்டையைக் கையிலேந்தும் முன்னாள் சுரங்கத் தொழிலாளிக்கு அந்த நிறம் புதியதன்று.

ஆனால் சிறைப்பட்ட எலெக்ட்ரான்கள் என்றென்றும் சிறையிலிருப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் பயன்படாது கிடக்கும் அட்டையில் அவை மெல்லக் கசியும். வெப்பம் மிகுந்தால் விரைந்து கசியும். நந்திதுர்க்கில் நம் பெரியப்பா ஒருவர் தாம் பூமிக்கடியில் உழைத்த கதையைப் பேரனின் கைப்பேசியில் சொல்லி வைத்திருந்தார். அவர் மறைந்தபின் அவ்வட்டை, அவருடைய சுரங்கத் தொப்பியோடு தகரப் பெட்டியில் பல ஆண்டு கிடந்தது. நாம் அதைத் திறந்தபோது பதிவுகளிற் பாதி எழவில்லை. எழுந்தவற்றை அன்றே மூன்று இடங்களிற் படியெடுத்தோம். கூண்டு கீழிறங்குகையில் காது அடைப்பதைப் பற்றி அவர் பேசத் தொடங்குகிறார். பாறை வெடித்த நாளைச் சொல்ல வாயெடுத்தவுடன் குரல் நின்றுவிடுகிறது.