இடமறிதலும் இடரும்: கொழும்பு வரலாறு தரும் பாடம்

ஒருவர் எங்கே இருக்கிறார் என்பதை அறிவது இன்று கைத்தொலைபேசிச் செயலிகளின் அன்றாடப் பணியாகிவிட்டது. அதற்குரிய தொழில்நுட்பத்தைத் தெரிவு செய்வோர் துல்லியத்தையும் செலவையுமே பெரும்பாலும் அளவுகோல்களாகக் கொள்வர். அறியப்பட்ட இடம் யாருடைய ஏட்டிற் பதிகின்றது என்பது அவற்றோடு எழுப்பப்பட வேண்டிய மூன்றாவது வினாவாகும். இவ்வினாவின் இன்றியமையாமையைக் கொழும்பின் வரலாறு நன்கு உணர்த்துகின்றது.

வாக்காளர் இடாப்பு குடியாட்சிக்கென உருவான கருவி. வீட்டிலக்கத்தையும் அங்கு வாழ்வோர் பெயரையும் அது ஒருங்கே தருவது. 1983ஆம் ஆண்டு யூலை 24ஆம் திகதி இரவு பொறளையில் மூண்ட வன்செயல், அடுத்த நாள் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை உள்ளிட்ட பகுதிகளுக்கும் பரவியது. தாக்க வந்தோரிற் சிலர் கைகளில் வாக்காளர் இடாப்புக்கள் இருந்தமையை அவ்வன்செயல் பற்றிய ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. வாக்குரிமைக்காகத் திரட்டப்பட்ட முகவரி, வீட்டை எரிப்பதற்கு வழிகாட்டியாயிற்று.

இருபத்து நான்கு ஆண்டுகளின் பின்னர், 2007ஆம் ஆண்டு யூன் 7ஆம் திகதி விடியற்காலையில், புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை முதலிய இடங்களின் தங்குவிடுதிகளிலிருந்து தமிழர் 376 பேர் பொலிசாரால் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. எவர் எங்குத் தங்கியிருக்கிறார் என்னும் அறிவு, அவர் அங்குத் தங்கும் உரிமையையே பறிக்கப் பயன்படலாம் என்பதற்கு இது சான்றாகும்.

இப்பின்னணியில் இன்றைய தொழில்நுட்பங்களை நோக்குதல் தகும். புவியிடங்காண் செய்மதி முறையில், குறைந்தது நான்கு செய்மதிகளின் சமிக்ஞைகளைப் பெற்றுத் தொலைபேசியே தன் இடத்தைக் கணிக்கின்றது. செய்மதிகள் அதனை அறியா. திறந்த வெளியிற் சில மீற்றர் அளவிற்குத் துல்லியமான இம்முறை, வெள்ளவத்தையின் அடுக்குமாடிகளுக்குள்ளே தளர்ந்துவிடும். அத்தகைய இடங்களில் வைபை முறை பெரிதும் உதவும். ஆயின் பெரும்பாலும் அது சூழவுள்ள கருவிகளின் அடையாளங்களைத் தொலைவிலுள்ள நிறுவனமொன்றின் கணினிக்கு அனுப்பியே விடை பெறுகின்றது. கோபுர முறையிலோ துல்லியம் குறைவு. தொலைபேசி எக்கோபுரத்தை அண்மியுள்ளது என்பதை வலையமைப்பும் அறிந்துவிடுகின்றது.

எனவே தொழில்நுட்பத் தெரிவு என்பது, இடத்தை யார் அறியலாம் என்பது பற்றிய தெரிவுமாகும். செய்மதி முறையைத் தெரிந்தாலும், செயலி அவ்விடத்தைத் தன் நிறுவனத்திற்கு அனுப்பிச் சேமிக்குமாயின் அதன் நன்மை அற்றுப்போம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரை இனங்காட்டும் தரவுகளுள் இடத் தரவையும் சேர்த்துள்ளது. எனினும் சட்டத்திற்கு முன்னரே காவல் செய்யக்கூடியவர் செயலியை அமைப்பவரே. தேவைக்கு மேற்பட்ட துல்லியத்தைக் கேளாமையும், பணி முடிந்தபின் பதிவை அழித்தலும் அவர்தம் கடனாம். திரட்டப்படாத பட்டியல் எவர் கையிலும் ஆயுதமாகாது.