தாலிக்குள் வந்த சிலுவை

"ஏண்ணா, வேதக்காரங்க வெளிநாட்டுச் சாமியைக் கும்பிடறவங்கதானே? அப்புறம் எதுக்குத் தாலி கட்டறீங்க?"

சித்தேரியில் நான் வேலை பார்த்த நாட்களில் பழக்கமான மலைக்கார நண்பர் கேட்டது இது. கீழே அரூர் பக்கம் எங்கள் உறவில் ஒரு கல்யாணம். கூப்பிட்டிருந்தேன், வந்திருந்தார். பூசை முழுக்கப் பொறுமையாக உட்கார்ந்து பார்த்திருக்கிறார் மனுசன். மோதிரம் மாத்தினது அவருக்குப் புரிந்தது, சினிமாவில் பார்த்திருக்கிறார். சாமியார் தாலியை மந்திரித்துக் கொடுத்ததும், மாப்பிள்ளை முடிச்சுப் போட்டதும், அந்தத் தாலியில் புறா இருந்ததும்தான் அவரைக் குழப்பிவிட்டது. மலை ஏறும் பேருந்தில் அந்தச் சத்தத்துக்கு நடுவே என்னத்தைச் சொல்வது? ஏனென்றால் இந்தத் தாலிக்குப் பின்னால் ரோமாபுரி வரைக்கும் போன நாற்பது வருசச் சண்டை ஒன்று இருக்கிறது. அதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. (வேதக்காரர் என்றால் எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவர். வேதம் ஓதுகிறவர்கள் என்று நினைத்துக்கொண்டு யாரும் வந்துவிடாதீர்கள் :-))

கதை மதுரையில் ஆரம்பிக்கிறது. 1606இல் இத்தாலிக்காரர் ராபர்ட் தெ நொபிலி அங்கே வந்தபோது, ஞானஸ்நானம் வாங்க வருகிறவனிடம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்று அவரை உலுக்கியது: பரங்கிக் குலத்தில் சேரச் சம்மதமா? வேதத்தில் சேருவதென்றால் சொந்தபந்தத்தை விட்டு வேறு ஒரு சாதிக்குப் போவது என்றுதான் ஊர் புரிந்து வைத்திருந்தது. மாமன் மச்சான் உறவு போகும். பெண் கொடுக்க ஆள் இருக்காது. சாவுக்கு வந்து நிற்க நாலு பேர் இருக்க மாட்டார்கள். சாமியை மாற்றிக்கொள்ள ஆள் இருந்தாலும் சொந்தக்காரனை மாற்றிக்கொள்ள யார் வருவார்?

நொபிலி காவி கட்டினார், மரக்கறி சாப்பிட்டார், தமிழும் தெலுங்கும் வடமொழியும் படித்தார். பூணூலும் குடுமியும் சந்தனமும் குளியலும் குலப் பழக்கம்தான், மத அடையாளம் இல்லை என்று வாதாடினார். அவருடைய சொந்தச் சபைக்காரர்களே எதிர்த்தார்கள். கடைசியில் 1623 ஜனவரி 31 அன்று பாப்பு பதினைந்தாம் கிரகோரி, மூடநம்பிக்கை கலக்காமல் இருந்தால் சரி என்று அனுமதி கொடுத்தார். அதே வருசம் நொபிலி மதுரையை விட்டுக் கிளம்பி சேந்தமங்கலம், சேலம் என்று நம்ம பக்கமும் வந்திருக்கிறார்.

பூணூலும் குடுமியும் ஆம்பளை சமாச்சாரம். வீட்டுக்குள் இருக்கிற சமாச்சாரங்களில் வேதம் கை வைத்தால் என்ன ஆகும் என்பது மறவர் சீமையில் தெரிந்தது. நோயில் கிடந்து தேறிய தடியத் தேவன் 1693 ஜனவரியில் அருளானந்தரிடம், அதாவது ஜான் தெ பிரிட்டோவிடம், ஞானஸ்நானம் பெற்றார். அவருக்குப் பல மனைவியர். ஒருத்தியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்க வேண்டும் என்பது நிபந்தனை. அப்படி விலக்கப்பட்டவர்களில் இளையவள் சேதுபதியின் உறவுப் பெண். அவள் அரண்மனையில் போய் அழுதாள். அதே வருசம் பிப்ரவரி 4ஆம் தேதி ஓரியூரில் அருளானந்தர் தலை வெட்டப்பட்டது. 1947இல் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்கள். ஓரியூர் செம்மண்ணை இன்றைக்கும் பக்தர்கள் எடுத்துப் போகிறார்கள்.

சின்ன வயசில் ஞானோபதேச வகுப்பில் இந்தக் கதை கேட்டபோது அந்தப் பெண்தான் வில்லி. இப்போது யோசித்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. அருளானந்தர் கேட்டது ஒருவனுக்கு ஒருத்தி. அந்தக் காலத்தில் அது பெரிய விசயம்தான். ஆனால் ஊரறியக் கட்டிக்கொண்டு வந்தவளைப் புருசன் ஒருநாள் கூப்பிட்டு, இனிமேல் நீ என் சம்சாரம் இல்லை, எனக்கு வேதம் கிடைத்துவிட்டது என்கிறான். அவள் எங்கே போவாள்? பாதிரியார்கள் எழுதி வைத்த கடிதங்களில் அருளானந்தரின் குரல் இருக்கிறது. அந்தப் பெண்ணின் குரல் புகார் என்ற அளவில்தான் மிஞ்சியிருக்கிறது.

இனி சண்டைக்கு வருவோம்.

1703 நவம்பரில் பாண்டிச்சேரியில் ஒரு பெரிய மனுசர் வந்து இறங்கினார். பெயர் தூர்னோன். சீனாவுக்குப் போகிற வழியில் இங்கேயும் விசாரித்துவிட்டு வரும்படி பாப்பு அனுப்பிய தூதர். வந்தவருக்கு உடம்பு சரியில்லை. எட்டு மாசம் பாண்டிச்சேரியிலேயே இருந்து, இரண்டு சேசு சபைப் பாதிரியார்களை விசாரித்து, 1704 ஜூன் 23 தேதியிட்டு 16 விதிகள் கொண்ட ஆணை ஒன்றைத் தயார் செய்தார். ஜூலை 8இல் அதை வெளியிட்டார், மூன்றே நாளில் கப்பலேறிப் போய்விட்டார். குண்டைப் போட்டுவிட்டு ஓடுவது என்பார்களே, அதுதான்.

அந்த 16 விதிகளையும் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். தத்துவ விசாரமெல்லாம் அதில் பெரிதாகக் கிடையாது. குழந்தைக்கு என்ன பேர் வைப்பது, எத்தனை வயசில் கல்யாணம், தாலியில் என்ன இருக்கணும், கல்யாணத்தில் தேங்காய் உடைத்துச் சகுனம் பார்க்கலாமா, வயசுக்கு வந்த பெண்ணுக்குச் சடங்கு செய்யலாமா, கோயில் திருவிழாவில் கிறிஸ்தவ மேளக்காரர் வாசிக்கலாமா, நெற்றியில் சாம்பல் பூசலாமா. முழுக்க முழுக்க வீட்டு சமாச்சாரம். எங்கே அடித்தால் வலிக்கும் என்று யாரோ அவருக்குச் சரியாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

தாலியையே அவர் தடை செய்யவில்லை. பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது, சிலுவையோ மாதாவோ இயேசுவோ உள்ளதைக் கட்டிக்கொள்ளலாம் என்றார். மஞ்சள் பூசிய 108 இழைக் கயிறும் கூடாது. நண்பர் கேட்ட கேள்விக்குப் பாதி பதில் இங்கே இருக்கிறது. தமிழ்ப் பெண் கழுத்தில் சிலுவைத் தாலி தொங்குவதற்கு, தமிழே தெரியாத இத்தாலிக்காரர் போட்ட ஆணை சட்டப்படி இடம் கொடுத்தது. மீதிப் பாதியைப் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். தாலி இல்லாத கல்யாணம் ஊர் கண்ணில் கல்யாணமே இல்லை. மோதிரத்தை யார் பார்ப்பார்கள்? 108 இழையை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. மஞ்சள் கயிறும் போகவில்லை.

முதல் விதி இன்னும் வேடிக்கை. ஞானஸ்நானத்தில் குரு தன் எச்சிலைத் தொட்டுக் குழந்தையின் காதிலும் மூக்கிலும் வைப்பது ரோமைச் சடங்கு. நம்ம ஊரில் எச்சில் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெற்றவளே எச்சில் பட்ட டம்ளரைக் கழுவி வைக்கிற ஊர் இது. வேறொருத்தன் எச்சிலைப் பிள்ளைமேல் தடவ விடுவாளா? அதனால் பாதிரியார்கள் அந்தச் சடங்கைச் சத்தமில்லாமல் விட்டிருந்தார்கள். தூர்னோன் விடாப்பிடியாகச் செய்யச் சொன்னார். 1969இல் ரோமையே குழந்தைகள் ஞானஸ்நானச் சடங்கைத் திருத்தியபோது எச்சிலை எடுத்துவிட்டது. தமிழ்த் தாய்மார்கள் முகம் சுளித்த விசயத்தை ரோமை கைவிட 265 வருசம் ஆனது.

இதுவரைக்கும் படித்தால் வெளிநாட்டுக்காரன் திமிர், நம்ம பண்பாட்டுக்கு வெற்றி என்று கைதட்டிவிட்டுப் போய்விடலாம். நம்மில் பலர் அப்படித்தான் எழுதியும் இருக்கிறார்கள். ஆனால் அதே ஆணையில் இன்னும் சில விதிகள் இருக்கின்றன, அங்கேதான் எனக்குச் சிக்கல்.

ஐந்தாவது விதி, ஆறேழு வயசுப் பிள்ளைகளுக்குத் தாலி கட்டி அதை மாற்ற முடியாத கல்யாணமாக வைத்துக்கொள்வதை ஏற்கக்கூடாது என்கிறது. (திருச்சபைச் சட்டத்திலேயே அப்போது பெண்ணுக்கு வயசு 12தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.) குழந்தை மணத் தடைச் சட்டம் நம் நாட்டுக்கு 1929இல்தான் வந்தது. பத்தாவது விதி, மாதவிலக்கு என்று சொல்லிப் பெண்களைக் கோயிலுக்கும் பாவசங்கீர்த்தனத்துக்கும் வரவிடாமல் தடுக்கக்கூடாது என்கிறது. 1704இல்! பன்னிரண்டாவது விதி, நோயில் கிடக்கிற பறையர் வீட்டுக்குள் குருமார் போய்த்தான் தேவதிரவிய அனுமானங்களைக் கொடுக்க வேண்டும் என்கிறது.

அதென்ன, அதுவரை போகாமலா இருந்தார்கள் என்றால், ஆமாம், போகவில்லை. போனால் மேல்சாதிக்காரன் தன் வீட்டில் சேர்க்க மாட்டான் என்று பயம். சாகக் கிடக்கிறவரைக் குடிசையிலிருந்து தூக்கி வெளியே ஓரிடத்தில் கொண்டு வந்து வைத்தால், குருவானவர் அங்கே வந்து அவஸ்தைப் பூசுதல் கொடுப்பார். 16 விதிகளில் பாதிரியார்களுக்கு ரொம்பவும் கசந்தவற்றில் இது ஒன்று. இதைச் செய்தால் மிஷனே அழிந்துவிடும் என்று ரோமைக்கு எழுதினார்கள்.

நாற்பது வருச இழுபறிக்குப் பிறகு 1744 செப்டம்பர் 12 அன்று பதினான்காம் ஆசீர்வாதப்பர் தீர்ப்பு எழுதினார். ஆணை பெரும்பாலும் அப்படியே நின்றது. பறையர் வீட்டுக்குப் போகிற விதிக்கு மட்டும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: அவர்களுக்கென்று தனியாகக் குருக்களை வைத்துக்கொள்வது. மற்ற குருக்கள் மற்ற சாதிகளுக்கு. வீட்டுக்குள் போகத்தான் செய்தார்கள், ஆனால் போகிற ஆள் வேறு. வடிவேலு காமெடி மாதிரி இருந்தாலும் சிரிப்பு வரவில்லை.

தூர்னோன் இதைப் பார்க்கவில்லை. சீனாவிலும் இதே மாதிரி ஆணை போட்டு அங்கே பேரரசரின் கோபத்துக்கு ஆளாகி, 1710இல் மக்காவில் காவலில் இருந்தபடியே செத்துப்போனார். இந்தியாவுக்கு வரும் மிஷனரிகள் இந்த ஆணையை மீற மாட்டோம் என்று சத்தியம் செய்து கொடுக்கும் வழக்கம் 1940 வரைக்கும் இருந்தது.

ஆக, பண்பாடு என்ற ஒரே மூட்டைக்குள் தாலியும் இருந்தது, தீட்டும் இருந்தது, சாதியும் இருந்தது. இதில் எதை வைத்துக்கொள்வது என்பதை ரோமை முடிவு செய்யவில்லை, சேசு சபையும் முடிவு செய்யவில்லை. வீடுகள்தான் முடிவு செய்தன. வேண்டியதை எடுத்துக்கொண்டோம், வேண்டாததை விட்டோம். பெண்கள் கோயிலுக்குப் போவதற்கு நாள் பார்ப்பது கிட்டத்தட்ட ஒழிந்தேவிட்டது. பதினோராவது விதி தடுத்த மஞ்சள் நீராட்டு விழாவை இன்றைக்குக் கத்தோலிக்கக் குடும்பங்கள் பிளெக்ஸ் பேனர் வைத்து நடத்துகின்றன, அழைப்பிதழில் மேலே ஒரு சிலுவை, கீழே ஒரு வசனம். பக்கத்திலே வேளாங்கண்ணி மாதா படம். பாவம் தூர்னோன்.

சாதியை விட்டோமா? நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் 1872இல் ஒரு கோயில் கட்டினார்கள். நடுவே பீடம், இரண்டு பக்கமும் கால்சட்டை மாதிரிப் பிரிந்து போகிற இரண்டு மண்டபம். வெள்ளாளருக்கு ஒன்று, நாடாருக்கு ஒன்று, ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருவரும் பூசை காணலாம். என்ன மூளை பாருங்கள்! கௌசானல் அடிகள் 1910இல் அந்தத் தடுப்புச் சுவரை இடித்தார். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது, தனி இடம் கேட்டவர்களுக்கு அது கிடைக்கவில்லை. இந்தச் சண்டையை ஆ. சிவசுப்பிரமணியன் 'கிறித்தவமும் சாதியும்' புத்தகத்தில் விரிவாக எழுதியிருக்கிறார். கிடைத்தால் படியுங்கள்.

கோயிலுக்குள் இருக்கிற சுவரை ஒரு சாமியார் கடப்பாரை எடுத்தால் இடித்துவிடலாம். வீட்டுக்குள் யாரை விட்டு இடிப்பது? எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குக் குருவிடம் தெரிவிக்கவும். உறவுமுறைத் தடை, முந்தைய திருமணம், இதெல்லாம்தான் அந்தத் தடை. சாதி வேறு என்பது தடையே இல்லை, திருச்சபைச் சட்டத்தில் அப்படி ஒரு சொல்லும் கிடையாது. ஆனால் ஓலை கோயிலுக்கு வருவதற்கு முன்னாலேயே வீட்டுத் திண்ணையில் வேறு ஓலை வாசித்து முடித்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் மணமகள் தேவை பகுதியை எடுத்துப் பாருங்கள். ஆர்.சி. என்று போட்டிருக்கும். அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு சொல்லும் போட்டிருக்கும்.