பைன் மரம் கேட்ட மண்

பேரிகைப் பக்கத்துச் செம்மண் மேடுகளில் தைலமரம் உண்டு, பைன் இல்லை. நம்மில் பலரும் அதைக் கண்டது கோடைக்கானலில்தான். 1906-இல் பிரையன்ட் என்பவர் நடுவித்த தோப்பு என்பார்கள். தென்னிந்திய மலைகளில் இயல்பாய் வளரும் பைன் எதுவும் கிடையாது. இத்தகைய மரம் வேற்று மண்ணில் எப்படிப் பிழைத்தது?

மேற்கு ஆஸ்திரேலிய வனத்துறைத் தலைவராயிருந்த கெஸல், நாற்றங்காலில் பைன் கன்றுகள் குன்றிப்போவதைக் கண்டார். செழித்த தோப்பின் அடிமண்ணைச் சிறிது கலந்ததும் அவை தேறின. 1927-இல் இதை எழுதினார். அம்மண்ணில் இருந்தது வேர்ப்பூஞ்சை: வேருக்கு எட்டாத பாஸ்பரஸைக் கொணர்ந்து தந்து, கூலியாக மரத்திடம் சர்க்கரை பெறும் உயிர். ஆனால் மண்ணிலேயே இல்லாததைப் பூஞ்சை எங்கிருந்து கொணரும்? சூப்பர் பாஸ்பேட் இட வேண்டியிருந்தது. அதற்கும் மசியாமல் நுனி குன்றி நின்ற தோப்புகளுக்குத் துத்தநாகக் குறையே காரணம் என்று 1930களில் கெஸலும் ஸ்டோட்டும் காட்டினர். துத்தநாக சல்பேட்டைத் தெளித்தார்கள், மரங்கள் நிமிர்ந்தன. ஒரு சிட்டிகை உலோகம்!

நம்மவர் பங்கும் உண்டு. பைனஸ் பாட்டுலா நாற்றுகளில் இரு பூஞ்சைகளைச் சேர்த்தேற்றிச் சோதித்த ஆய்வை ரெட்டியும் நடராஜனும் 1997-இல் வெளியிட்டனர்.

இந்த அறிவெல்லாம் மரத்தின் பக்கம் நின்று பெற்றது. பழனிமலையில் 1973-க்கும் 2014-க்கும் இடையே சோலைப் புல்வெளிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மறைந்தது. சீகையும் தைலமும் பைனுமாக அங்கே தோப்புகள் பரவியிருந்தன. புல்லுக்கு என்ன குறை என்று அன்று எவரும் மண்ணைச் சோதித்ததாகத் தெரியவில்லை.