வீட்டுக்கு வந்த தூக்கப் பரிசோதனை
குறட்டை விடுறவர் நல்லா தூங்குறார்னு நினைக்கிறீங்களா? தூக்கத்தில் சிலருக்கு மூச்சு நின்று நின்று வருவதை 1965-ல் பிரான்ஸ், ஜெர்மனி மருத்துவர்கள் கருவியில் பதிவு செய்தார்கள். ஆரம்பகால சிகிச்சை? கழுத்தில் துளை! 1981-ல்தான் சிட்னியில் காலின் சல்லிவன் மூக்கு வழியே காற்றழுத்தம் தரும் சிபேப்பை அறிவித்தார்.

சிகிச்சை எளிதாச்சு. ஆனா நோயை உறுதி செய்ய, உடம்பெல்லாம் ஒயர் ஒட்டி ஆய்வகத்தில் ஒரு ராத்திரி படுக்கணும். (அதில் தூக்கம் வந்தா அதிசயம்தான்!)

இதை மாற்ற உதவியது, ஜப்பானில் டகுவோ அவோயாகி 1974-ல் வெளியிட்ட யோசனை: நாடித்துடிப்பை வைத்தே ரத்த ஆக்சிஜனை அளப்பது. இன்று விரலில் மாட்டும் கிளிப் அதுதான். மூக்கில் குழாய், மார்பில் பட்டை சேர்ந்ததும் பரிசோதனை வீட்டுக்கே வந்தது. 2008-ல் அமெரிக்காவின் மெடிகேர் இதை ஏற்றது. இப்போ பதிவு இணையம் வழியா மருத்துவருக்கே போகுது.

ஒண்ணு கவனிங்க. வீட்டுக் கருவிகள் பெரும்பாலும் மூளை அலையைப் பார்க்காது. விழித்துக் கிடந்த நேரத்தையும் தூக்கக் கணக்கில் சேர்த்து, பாதிப்பைக் குறைச்சுக் காட்டலாம். ரிசல்ட் நார்மல்னு வந்தும் பகலில் கண் சொக்குதா? ஆய்வகத்தில் ஒரு ராத்திரி படுத்துப் பார்த்துடுங்க.