பாங்காக்கில் தமிழர்: அன்றாட வாழ்வும் சேவைகளும்

தாய்லாந்தின் தலைநகரான பாங்காக், சென்னையிலிருந்து விமானத்தில் ஏறத்தாழ மூன்றரை மணி நேரத் தொலைவில் உள்ளது. அங்கே கடிகாரம் இந்திய நேரத்தைவிட ஒன்றரை மணி நேரம் முந்தி ஓடும். வணிகத்துக்கும் வேலைக்கும் போய் அந்நகரில் குடியிருக்கும் தமிழர்களின் அன்றாடம், அவர்கள் நாடும் கோயில், பள்ளிவாசல், கடை, மருத்துவமனை, அரசு அலுவலகம் ஆகியவற்றைப் பற்றியது இக்கட்டுரை. சிங்கப்பூரில் இருப்பதுபோலத் தமிழுக்கு இங்கே அரசு ஏற்பு எதுவும் கிடையாது. படிவம், மின்கட்டண ரசீது, வாடகை ஒப்பந்தம் எல்லாம் தாய்லாந்து எழுத்தில்தான் வரும். ஆனாலும் சோறு, தேங்காய், வெயில், இடதுபக்கப் போக்குவரத்து என்று பழகிய சங்கதிகள் நிறைய இருப்பதால் மதுரைக்காரர் ஒருவர் இந்த ஊரில் வாழப் பழகுவது எளிது. சட்டப்படி தங்கியிருப்பதற்குத்தான் பாடுபட வேண்டும்.

பழைய தொடர்பு

தாய்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள தகுவாபாவில் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. ஒரு குளம் வெட்டப்பட்டதையும், அது மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவின் பாதுகாப்பில் விடப்பட்டதையும் அது சொல்கிறது. பாங்காக் அரண்மனையைச் சார்ந்த பிராமணர்கள் நடத்தும் ‘திரியம்பாவை – திரிபாவை’ விழாவின் பெயரைத் திருவெம்பாவை, திருப்பாவையோடு ஆய்வாளர்கள் இணைத்துப் பார்க்கிறார்கள். 1784இல் மன்னர் முதலாம் இராமர் காலத்தில் எழுந்த தேவஸ்தானம் என்ற கோயிலும் அதன் எதிரே நிற்கும் சிவப்பு நிற மாபெரும் ஊஞ்சலும் இவ்விழாவுக்கு உரியவை. ஊஞ்சலாட்டம் 1935இல் நிறுத்தப்பட்டது, பூசை தொடர்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் நீளச் சயாம் மரண ரயில் பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பெருந்தொகையில் மாண்டதும் இதே நாட்டில்தான். அப்பாதை சென்ற காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டங்கள் வரிசை கலையாமல் பராமரிக்கப்படுகின்றன. தமிழ்த் தொழிலாளர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல் கிடைக்கவில்லை.

இன்றைய பாங்காக் தமிழர் இந்தப் பழங்கதைகளின் நேர் வாரிசுகள் அல்லர். அவர்களின் வரலாறு 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், சீலோம் சாலையில் தொடங்குகிறது.

சீலோம்

சீலோம் சாலையும் பான் சாலையும் சந்திக்கும் மூலையில் ஸ்ரீ மகாமாரியம்மன் கோயில் இருக்கிறது. தமிழகத்திலிருந்து குடியேறிய வைத்தி படையாட்சி என்பவர் 1879இல் இதைக் கட்டியதாகச் சொல்லப்படுகிறது. அவர் பெயரில் அருகே ஒரு சந்து இன்றும் உள்ளது. தாய்லாந்து மக்கள் இக்கோயிலை ‘வாட் கேக்’ என்பார்கள். ஆட்டோக்காரரிடம் மாரியம்மன் கோயில் என்றால் விழிப்பார். வாட் கேக் என்றால் கொண்டுவந்து இறக்கிவிடுவார். கோபுரமும் சுதை உருவங்களும் தமிழ்நாட்டுப் பாணியில் அமைந்தவை, அர்ச்சகர்களும் தமிழர்கள். ஆனால் வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்து பௌத்தர்கள். தேர்வு, காதல், கடை வியாபாரம் எனப் பிள்ளையாரிடமும் உமாதேவியிடமும் வேண்டிக்கொள்ள அவர்களுக்குத் தடையேதும் இல்லை. மாலை, தேங்காய், பழம் அடுக்கிய பூசைத் தட்டுகளை வாசலில் விற்பவர்களும் பெரும்பாலும் அவர்களே. புலம்பெயர்ந்தோர் கட்டிய கோயில் அவர்கள் கையைவிட்டு நகரத்தின் சொத்தாகிப்போனதற்கு இதைவிட நல்ல உதாரணம் தென்கிழக்காசியாவில் தேடினாலும் சுலபத்தில் அகப்படாது.

நவராத்திரி இக்கோயிலின் பெருவிழா. விஜயதசமி இரவில் அம்மன் வீதியுலா வரும்போது சீலோம் சாலையில் வண்டிகள் நிறுத்தப்படுகின்றன. வங்கிகளும் அலுவலகக் கட்டடங்களும் நெருங்கிய அந்தச் சாலையில் சாமந்தி மாலையும் மஞ்சளும் பரப்பிய படையல் மேசைகளை வழிநெடுகப் போட்டு, ஊர்வலம் வரும்போது தேங்காய் உடைக்கிறார்கள். மதுரையில் காளவாசல் சந்திப்பை ஓர் இரவு அடைத்துவிட்டால் தேனி சாலையும் பைபாஸ் சாலையும் என்ன பாடுபடும் என்று எண்ணிப் பார்த்தால் இதன் அளவு புரியும். காளவாசலில் 2020 முதல் மேலே செல்ல ஒரு பாலமாவது இருக்கிறது.

கோயிலைச் சுற்றிய பகுதி தமிழ் முஸ்லிம்களுக்கும் உரியது. கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய கடற்கரை ஊர்களிலிருந்து வந்த மாணிக்க வணிகர்கள் சீலோம், சுரியவோங், மகேசாக் சாலைகளில் அலுவலகம் வைத்துள்ளனர். தாய்லாந்தின் சந்தபுரியில் தோண்டிய கற்களும், பர்மா, இலங்கை, ஆப்பிரிக்காவிலிருந்து வரும் கற்களும் பாங்காக்கில் கைமாறுகின்றன. மேசையில் வெள்ளைத் தாளை விரித்து, இடுக்கியால் கல்லை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடி விலை பேசுவதுதான் இன்றும் நடைமுறை. சீலோம் 20ஆம் சந்துப் பக்கத்தில் உள்ள மிராசுத்தீன் பள்ளிவாசல் இந்த வட்டாரத்தின் மையம். இத்தொழிலில் ஒரு சட்ட வேலி உண்டு. வெளிநாட்டவர் கல்லை வாங்கி விற்க நிறுவனம் நடத்தலாம். கல்லை வெட்டிப் பட்டை தீட்டும் வேலை தாய்லாந்துக் குடிமக்களுக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டது. வண்டி ஓட்டுதல், முடி திருத்துதல், சுற்றுலா வழிகாட்டல், தெரு வியாபாரம் ஆகியவையும் அதே பட்டியலில் உள்ளன. அதனால் உடலுழைப்பை நம்பி இங்கே வருவது வீண். மலாயாவுக்குக் கூலியாகப் போன தமிழர் வரலாற்றை மனத்தில் வைத்துப் பாங்காக்கைப் பார்த்தால் தவறாகப் புரிந்துகொள்வோம். இது வணிகரும் படித்த ஊழியரும் வந்த ஊர்.

புறப்படும் முன்

இந்தியாவின் குடியகல்வு அனுமதி தேவைப்படும் 18 நாடுகளில் தாய்லாந்தும் ஒன்று. பத்தாம் வகுப்புத் தேறாமல் ‘இசிஆர்’ வகைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர், வேலைக்குப் போவதானால் குடியகல்வோர் பாதுகாவலரின் அனுமதி பெற வேண்டும். ஆள் அனுப்பும் முகவர் 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் வரியும்தான். உரிமம் உண்டா என்பதை இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் எவரும் பார்த்துக்கொள்ளலாம்.

மதுரையில் காளவாசல், அரசரடி, ஆரப்பாளையம் போன்ற இடங்களில் மின்கம்பத்தில் ஒட்டும் ‘வெளிநாட்டு வேலை’ நோட்டீஸுகளைப் பார்த்துக் கிளம்புகிறவர்கள் இதைச் செய்வதில்லை. இதன் விளைவு 2022இல் அம்பலமானது. பாங்காக்கில் கணினி வேலை, நல்ல சம்பளம் என்று அழைத்துப்போகப்பட்ட இளைஞர்கள் தாய்லாந்தின் மேசோட் எல்லை வழியாக ஆற்றைக் கடத்தி மியான்மரின் மியாவடிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, இணைய மோசடி மையங்களில் அடைக்கப்பட்டனர். அவர்களில் தமிழர்களும் இருந்தனர். அந்த ஆண்டு செப்டம்பர் 24ஆம் தேதி இந்திய வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை விடுத்தது. அக்டோபரில் மீட்கப்பட்ட தமிழர் குழு ஒன்று சென்னை வந்து சேர்ந்தது. கதை அத்தோடு முடியவில்லை. 2025 மார்ச்சில் இந்திய விமானப்படை விமானங்கள் இரண்டு நாளில் 549 பேரை மேசோட்டிலிருந்து ஏற்றி வந்தன. ‘விசா இல்லாமலே போய் இறங்குங்க, அங்கே மாத்திக்கலாம்’ என்று ஒருவர் சொன்னால், அந்த ஒரு வாக்கியமே அவரை நம்பக்கூடாது என்பதற்குப் போதும். இந்தியருக்கு 2023 நவம்பரில் தொடங்கிய விசா விலக்கும், 2024 ஜூலையில் அது 60 நாளாக நீண்டதும் சுற்றுலாவுக்காக வந்தவை, வேலைக்காக அல்ல.

காகிதங்கள்

வேலைக்கு வருபவருக்கு ‘நான்-இமிகிரண்ட் பி’ விசாவும் பணி உரிமமும் வேண்டும். ஒரு வெளிநாட்டவரை அமர்த்தும் நிறுவனத்துக்குப் பொதுவாக 20 லட்சம் பாட் (தாய்லாந்து நாணயம்) மூலதனமும் நான்கு தாய்லாந்து ஊழியர்களும் இருக்க வேண்டும் என்பது விதி. விசாவை நீட்டிக்க இந்தியருக்கான குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 35,000 பாட், ஐரோப்பியருக்கு 50,000. பாஸ்போர்ட்டின் நிறத்தைப் பார்த்து ஊதியக் கோடு போடும் இந்தப் பட்டியலைப் படிக்கும்போது சிரிப்பதா முகஞ்சுளிப்பதா என்று தெரியாது.

குடியிருப்பவர் 90 நாளுக்கு ஒருமுறை தம் முகவரியைக் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். கெடு நாளுக்கு 15 நாள் முன்பிருந்து 7 நாள் பின்பு வரை அவகாசம் உண்டு. தவறினால் 2,000 பாட் அபராதம். வீட்டு உரிமையாளர் தம் வீட்டில் வெளிநாட்டவர் தங்கியதை 24 மணி நேரத்துக்குள் ‘டிஎம் 30’ படிவத்தில் பதிய வேண்டும். அவர் பதியாமல் விட்டால் அலைக்கழிவது வாடகைக்காரர்தான். ஊருக்குப் போய்வர நினைப்பவர் மறுநுழைவு அனுமதி எடுக்காமல் விமானம் ஏறினால் விசா அந்த நொடியே ரத்தாகிவிடும். தாத்தா இறந்த செய்தி கேட்டு ஓடுகிற அவசரத்தில் பலரும் கோட்டைவிடும் இடம் இது. விமான நிலையத்திலேயே அந்த அனுமதியைப் பெறலாம் என்பது தெரிந்திருந்தால் நல்லது. கெடு தாண்டித் தங்கினால் நாளொன்றுக்கு 500 பாட், அதிகபட்சம் 20,000 பாட் அபராதம். பாங்காக்கின் குடிவரவு அலுவலகம் நகரின் வடக்கே சேங் வத்தனா அரசு வளாகத்தில் உள்ளது. இந்தியத் தூதரகம் சுகும்வித் 23ஆம் சந்தில்.

தாய்லாந்து ஆவணங்களில் ஆண்டு பௌத்த ஆண்டாக வரும். 543 கழித்தால் நம் கணக்கு கிடைக்கும். 2568 என்று முத்திரை விழுந்திருந்தால் அது 2025. தமிழரின் முதலெழுத்துப் பழக்கம் இன்னொரு தலைவலி. 1913 முதல் குடும்பப் பெயர் கட்டாயமான நாடு இது, எனவே அந்தக் கட்டம் காலியாக இருக்கும் பாஸ்போர்ட்டைக் கண்டால் அலுவலர் தயங்குவார். அப்பா பெயர் அங்கே குடும்பப் பெயராகிவிடும். பேச்சில் அந்தத் தொல்லை இல்லை. ‘குன்’ என்ற மரியாதைச் சொல்லைச் சேர்த்து முதற்பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

வீடும் சாப்பாடும்

வாடகைக்கு இரண்டு மாத முன்பணமும் ஒரு மாத வாடகையும் கொடுப்பது வழக்கம். பத்து மாத அட்வான்ஸுக்குப் பழகிய மதுரைக்காரருக்கு இது ஆறுதல். மின்கட்டணத்தை வீட்டுக்காரர் யூனிட்டுக்குக் கூட்டி வாங்குகிறாரா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பல குடியிருப்புகளில் சமையலறை பெயருக்குத்தான் இருக்கும், ஏனென்றால் உள்ளூர்வாசிகள் பெரும்பாலும் தெருக்கடையில் சாப்பிடுகிறார்கள். தாளிக்கும் புகைக்கு வழியில்லாத வீட்டை எடுத்துவிட்டுப் பின்னால் வருந்துவது தமிழ்க் குடும்பங்களில் சகஜம். மிக்ஸியும் கிரைண்டரும் அங்குள்ள 220 வோல்ட்டில் ஓடும். மூன்று உருண்டை முனை பிளக்தான் சுவரில் நுழையாது. வெளிநாட்டவர் நிலம் வாங்க முடியாது. அடுக்குமாடியில், கட்டடத்தின் மொத்தப் பரப்பில் 49 விழுக்காட்டுக்குள் அடங்கும் வீடுகளை வாங்கலாம்.

துவரம் பருப்பு, புளி, பெருங்காயம், அப்பளம் முதலியவற்றுக்குப் பாகுராத் போக வேண்டும். சீக்கியத் துணி வணிகர்கள் நிறைந்த அப்பகுதிதான் பாங்காக்கின் குட்டி இந்தியா. சீலோம் பக்கத்திலும் சிறு கடைகள் உண்டு. முருங்கைக்காய், வாழைப்பூ, கத்தரி, தேங்காய் எல்லாம் உள்ளூர்ச் சந்தையிலேயே கிடைக்கும். சைவ உணவுக்காரருக்கு மீன் சாறுதான் எதிரி. வெறும் கீரை வதக்கலிலும் அது இருக்கும். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் ‘ஜே’ என்று போட்ட கடையில் மீன், முட்டை, பால் எதுவும் சேர்க்க மாட்டார்கள். பூண்டும் வெங்காயமும் இருக்காது, ஆகவே நம் நாக்குக்குச் சற்றுச் சப்பென்று தோன்றும்.

போக்குவரத்து, மருத்துவம், சில சட்டங்கள்

1999 டிசம்பர் 5இல் தொடங்கிய வான்ரயிலும் 2004இல் வந்த சுரங்க ரயிலும் நகரை இணைக்கின்றன. மாரியம்மன் கோயிலுக்கு சுராசாக் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். சந்துக்குள் போக ஆரஞ்சு நிற மேலங்கி அணிந்த பைக் டாக்ஸிக்காரர்கள் முனையில் காத்திருப்பார்கள். சாவ் பிரயா ஆற்றிலும் சேன் சேப் கால்வாயிலும் பயணிகள் படகு ஓடுகிறது.

பணி உரிமம் உள்ள ஊழியர் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்க்கப்படுகிறார். உச்சவரம்புக்கு உட்பட்டு ஊதியத்தில் 5 விழுக்காட்டை அவரும் அதே அளவை முதலாளியும் கட்டுகிறார்கள். ஒரு மருத்துவமனையைத் தேர்ந்து பதிந்துகொண்டால் அங்கே சிகிச்சை இலவசம். பதியும்போது யோசிக்காமல் தொலைதூர மருத்துவமனையை எழுதிவிட்டு அவதிப்படுபவர்கள் உண்டு. சீலோம் சாலையிலேயே லேர்ட்சின் அரசு மருத்துவமனை உள்ளது. பும்ருங்ராட் போன்ற தனியார் மருத்துவமனைகளில் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார், கட்டணம்தான் கையைக் கடிக்கும். ஆம்புலன்ஸுக்கு 1669, காவலுக்கு 191.

அரச குடும்பத்தை இழிவுபடுத்தினால் குற்றவியல் சட்டத்தின் 112ஆம் பிரிவின்படி ஒவ்வொரு குற்றத்துக்கும் 3 முதல் 15 ஆண்டு வரை சிறை. வாட்ஸப் நையாண்டிக்கும் இது பொருந்தும். சீட்டாடும் தமிழருக்கு இன்னொரு எச்சரிக்கை: 1935ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதியின்றி 120 சீட்டுகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. மூன்று கட்டு ரம்மி என்றாலே கணக்கு தாண்டிவிடும். 2016இல் பட்டாயாவில் பிரிட்ஜ் ஆடிக்கொண்டிருந்த முதியவர்கள் 32 பேரைக் காவலர்கள் அள்ளிச் சென்றபோதுதான் இந்தச் சட்டம் உலகுக்குத் தெரிந்தது.

சித்திரைப் பிறப்பும் அவர்களின் சொங்கிரான் புத்தாண்டும் ஒரே வாரத்தில், ஏப்ரல் 13 முதல் 15 வரை வருவதால் தமிழ்ப் புத்தாண்டுக்குத் தனியே விடுப்பு எழுத வேண்டியதில்லை. தெருவில் தண்ணீர் ஊற்றாமல் விடமாட்டார்கள். கோயிலுக்குப் பட்டுச்சேலை கட்டிக் கிளம்புகிறவர் அதற்கு ஏற்பாடோடு போக வேண்டும்.

நிலையாகத் தங்குதல்

மூன்றாண்டு தொடர்ந்து வேலை விசாவில் இருந்தவர் நிரந்தரக் குடியிருப்பு உரிமைக்கு மனுச் செய்யலாம். ஆண்டுக்கு ஒரு நாட்டினருக்கு 100 இடங்கள்தான். இந்தியா முழுமைக்கும் அதே நூறு. தற்காலிக விசாவில் உள்ள பெற்றோருக்குப் பாங்காக்கில் பிறக்கும் குழந்தைக்குத் தாய்லாந்துக் குடியுரிமை தானாகக் கிடைக்காது. மாவட்ட அலுவலகம் தரும் பிறப்புச் சான்றை மொழிபெயர்த்து, தாய்லாந்து வெளியுறவு அமைச்சகத்தில் சான்றொப்பம் பெற்று, ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிந்துவிட வேண்டும். அந்த ஓராண்டைத் தவறவிட்டால் குழந்தையின் இந்தியக் குடியுரிமைப் பதிவுக்கு மத்திய அரசின் தனி அனுமதி தேவைப்படும்.