வாசலில் சொல்லும் பாடம்



விளாங்குடியில் நம் வீட்டுப் பையன் இரண்டாம் ஆட்டம் சினிமாவுக்குக் கிளம்பினால் அம்மா வாசல்வரை வந்து சொல்வாள்: “போலீஸ் நிறுத்துனா வண்டிய ஓரமா போட்டு எறங்கிரு. கைய பாக்கெட்டுல விடாத. சார்னு சொல்லு. எந்த ஏரியான்னு கேட்டா விளாங்குடின்னு மட்டும் சொல்லு, தெருப் பேரச் சொல்லாத.”

கடைசி வாக்கியத்தில்தான் சாதி இருக்கிறது. தெருப் பெயர் தெரிந்தால் சாதி தெரிந்துவிடும். சாதி தெரிந்தால் கேட்பவரின் குரல் மாறிவிடும். எந்தப் பள்ளியும் நடத்தாத இந்தப் பாடத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அதையே இந்நினைவுரையில் பேச எடுத்துக்கொள்கிறோம்.

1871இல் வெள்ளையர் கொண்டுவந்த குற்றப் பழங்குடிகள் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர் உள்ளிட்ட பல சமூகங்கள் அதில் சிக்கின. மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர் மீது அது பாய்ந்தது. கைரேகை வைக்க வேண்டும். இரவில் போலீஸ் கண்காணிப்பில் படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று மாயக்காள் உட்பட 16 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்கும் நமக்கும் இடையே சாதிப் பகை உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பிறப்பைப் பார்த்தே ஆளைச் சந்தேகிக்கப் போலீசுக்குப் பழக்கிக் கொடுத்தது அந்தச் சட்டம். 1947இல் சட்டம் இங்கே ஒழிந்தது. பழக்கம் ஒழியவில்லை.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அடிமைகள் தோட்டத்தைவிட்டு வெளியேறவும் சீட்டு வேண்டியிருந்தது. அதைச் சோதிக்க ரோந்துப் படைகள் இருந்தன. இன்றும் கறுப்பினப் பெற்றோர் பிள்ளைகளை உட்காரவைத்து, போலீஸ் நிறுத்தினால் கையை எங்கே வைப்பது, எப்படிப் பேசுவது என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். ‘அந்தப் பேச்சு’ என்றாலே அங்கே புரியும். 2014இல் கிளீவ்லாந்து நகரப் பூங்காவில் பொம்மைத் துப்பாக்கியோடு நின்ற 12 வயது தமிர் ரைஸைப் போலீஸ் வந்த சில நொடிகளில் சுட்டது. எந்தப் பாடத்தையும் நினைத்துப் பார்க்க அவனுக்கு நேரமில்லை.

நமக்கு மட்டும் பணிவு காவலாக இருந்ததா? 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தொழிலாளருக்காக நெல்லையில் மனுக் கொடுக்க ஊர்வலம் போனவர்கள் மீது தடியடி நடந்தது. தாமிரபரணியில் 17 உயிர்கள் போயின. அதில் ஒன்று தாயின் இடுப்பில் இருந்த குழந்தை. 2011 செப்டம்பர் 11 அன்று, இமானுவேல் சேகரன் நினைவு நாளில், பரமக்குடியில் போலீஸ் சுட்டு 6 பேர் இறந்தார்கள்.

ஆகவே அம்மாவின் பாடத்தோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும் என்கிறோம். டி.கே. பாசு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் பிள்ளைகள் அறிய வேண்டும்: கைது செய்பவர் பெயர்ப்பட்டை அணிந்திருக்க வேண்டும், கைதுக் குறிப்பு எழுத வேண்டும், வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 22ஆம் பிரிவு. அண்ணல் அம்பேத்கர் தலைமையில் எழுதப்பட்ட சட்டம் அது. 18 வயது நிரம்பாதவரை லாக்கப்பில் அடைக்கவே கூடாது என்கிறது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம்.

இதெல்லாம் தெரிந்தால் அடி விழாது என்று சொல்ல மாட்டோம். 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையையும் மகனையும் சட்டப் புத்தகம் காப்பாற்றவில்லை. ஆனால் மதுரை உயர் நீதிமன்றக் கிளை தானாகவே அவ்வழக்கைக் கையில் எடுத்தபோது, சட்டம்தான் கேள்வி கேட்கும் கருவியாக இருந்தது. அடிபட்டவன் “என் தலைவிதி” என்று முடங்காமல் “இது குற்றம்” என்று சொல்வதற்கு அந்த அறிவு வேண்டும்.

பயம் நம் முன்னோர் உயிரைக் காக்கக் கண்டுபிடித்த வழி. அதை ஏளனம் செய்ய மாட்டோம். அதை மட்டும் பிள்ளைக்குச் சொத்தாக விட்டுப் போகவும் மாட்டோம். கேட்டவரிடம் நம் பையன் தெருப் பெயரையும் சேர்த்தே சொல்லும் நாள் வரவேண்டும். அதற்கான பாடத்தை இன்றிரவே வாசலில் தொடங்கலாம்.